அளவு நாற்காலி

சுங்குவார்சத்திரத்தில் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறவன் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. இத்தனை வருஷத்தில் ஒரு பெண்ணுக்கும் நான் டேப் வைத்து அளவெடுத்ததில்லை. கூச்சம். அளவு ஜாக்கெட் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு சேர்த்துக் கொடுத்து, "இத வச்சி தைச்சிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பழையதைப் பார்த்துப் புதியதை வெட்டுவேன். தைத்து முடித்ததும் இரண்டையும் ஒன்றாகச் சுற்றிக் கொடுப்பேன். இதில் அதிகம் பேச வேண்டியதே இல்லை. அதனாலேயே எனக்கு இந்தத் தொழில் பிடித்திருந்தது.

"இத வச்சி" என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியவந்தது 1991இல். அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு, பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூர் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் எழுதுவது அதற்கு மூன்று நான்கு மாதம் முன்னால், தை மாதத்தில் நடந்தது. அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கணவனும் மனைவியும் வாடகைக்கு இருந்தார்கள். அவர் ஹைரோட்டில் இருந்த ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அருகிலுள்ள கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அந்தப் பெண் வாலாஜாபாத்தில் பயிர் வைக்கிற இந்துக் குடும்பத்துப் பெண். மெட்ராசில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இரண்டு வருஷம் செக்கராக இருந்தவள். தைத்து வருகிற உடுப்புகளில் குற்றம் கண்டுபிடிப்பது அவள் வேலை. வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில் அவர்களுக்குப் பழக்கம் ஏற்பட்டு, வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அது முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரத்துக்கு முக்கால் மணி நேர பஸ். அந்த மூன்று வருஷத்தில் அவள் வீட்டிலிருந்து ஒருவரும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

அவள் வீட்டை வைத்திருந்த விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் சுவர் நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். சுவர் கொள்கிற அளவுக்குக் காலண்டர் மாட்டியிருப்பார்கள். உட்கார ஒயர் நாற்காலி, மூலையில் பிளாஸ்டிக் பூ. அவள் சுவருக்கு சந்தன நிறத்தில் டிஸ்டம்பர் அடித்தாள், தானே. காலண்டர் ஒன்று, கணவன் வீட்டார் கொடுத்த இயேசு படம் ஒன்று. மற்ற ஆணியெல்லாம் பிடுங்கி ஓட்டையை அடைத்துவிட்டாள். சொம்பில் வேப்பங்கொத்து வைப்பாள். என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வூடு காலியா கீது, ஆனா பாத்துக்கினே இருக்கலாம் போல கீது" என்றாள்.

அந்தக் காலி வீட்டுக்கு அவள் நான்கு நாற்காலிகள் வாங்கினாள். காஞ்சிபுரம் போகிற வழியில் ஒரு பழைய மரச்சாமான் கடையில் கிடந்தவை. தேக்கு. உட்காருகிற இடமும் சாய்கிற இடமும் பிரம்புப் பின்னல். கைப்பிடி வளைந்து வந்து முன்னால் உருண்டையாக முடியும். ஒரு ஆள் ஒரு கையால் தூக்க முடியாது. அவர் கம்பெனி நண்பர்கள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கோர்ட்டுல குந்திக்கினு கீறா மாதிரி கீதுப்பா, எப்போ கூப்புடுவாங்க?" என்று கேலி செய்தார்களாம். அவருக்கு ரெக்ஸின் சோபா வாங்க ஆசை. அவள் கேட்கவில்லை.

"மரம் மாறாதுண்ணே. துணிதான் மாறிக்கினே இருக்கணும்" என்று என்னிடம் சொன்னாள். "நமக்கும் அப்படித்தான? ஒடம்பு ஒண்ணு, பொடவ வேற வேற."

அவளிடம் ஒரு வண்ணப் பக்கம் இருந்தது. கம்பெனிக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன புத்தகத்திலிருந்து கிழித்தது. அதில் ஒரு நாற்காலி, பாவாடை சட்டை போட்ட மாதிரி, கொசுவமும் நாடாவுமாக நின்றுகொண்டிருந்தது. அந்த மாதிரி நான்கு உறை வேண்டும் என்றாள். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு அளவு ஜாக்கெட் வேண்டும் என்றேன். வாயில் வந்துவிட்டது. அவள் சிரித்தாள். "நாற்காலிக்கு எங்கண்ணே அளவு ஜாக்கெட்டு?"

மறுநாள் காலை அவள் கணவர் ஒரு நாற்காலியைத் தலைகீழாகத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வந்து கடைக்குள் இறக்கினார். மூச்சு வாங்கியது. "இந்தாங்க, அளவு நாற்காலி" என்றார்.

அது இரண்டு மாதம் என் கடையிலேயே இருந்தது. ஜாக்கெட் கொடுக்க வந்த பெண்களுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு. நான் அதற்கு டேப் பிடித்து, முதுகு, தோள், கை, இடுப்பு என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒருத்தி சொன்னாள்: "இன்னாண்ணே, இவளுக்கு மட்டும் டேப் வெச்சி அளவு எடுக்கறீங்க. நாங்க இன்னா பாவம் பண்ணோம்?" எனக்குக் காது சூடாகிவிட்டது. உள்ளே ஹூக்குக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

முதல் உறைகளைக் கட்டம் போட்ட கைத்தறித் துணியில் தைத்தேன். நன்றாக அமைந்தன. தெருவில் உள்ளவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஜாக்கெட்டைத் தவிர வேறு ஒன்று என் கையால் ஆகும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அடுத்த உறைக்கும் ஆகும் என்று அவள் அளவு நாற்காலியை என்னிடமே விட்டுவைத்தாள்.

தை பிறந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம். எங்கள் பக்கத்தில் முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழில் அம்மா வளையலோடு வருவாள், போட்டுவிடுவாள், பிறகு "வூட்டுக்கு வா" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போவாள். அந்தச் சொல் இல்லாமல் பெண் தானாகப் போகமாட்டாள். அவள் வீட்டுக்கு இரண்டு கடிதம் எழுதியிருந்தாள். இரண்டாவதற்குப் பதிலாக ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அம்மா மட்டும் வருவார்.

"ஒரு தடவ வந்து வூட்டப் பாத்துட்டா போதும்க்கா" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். "நான் கெட்டுப்போவலன்னு தெரிஞ்சிடும். வான்னு சொல்லிடும்."

அந்த வெள்ளிக்கிழமைக்காக நாற்காலிகளுக்குப் புது உறை போட நினைத்தாள். புடவை கட்டிய மாதிரி உறை. உட்காருகிற இடத்தில் உடல், அதன் விளிம்பில் கரை, சாய்கிற இடத்தில் முந்தானை. அந்த யோசனையை அவள் முன்பே எனக்குச் சொல்லியிருந்தாள். துணி எது என்று மட்டும் சொல்லவில்லை.

பத்து நாள் இருக்கும்போது, காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் அவள் கணவர் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஒரு மூட்டையை நீட்டினார். "வூட்ல குட்தாங்க. இத வச்சி தைச்சிடச் சொன்னாங்க." அவ்வளவுதான். கம்பெனி சங்கு ஊதிவிடுமே என்று போய்விட்டார்.

மூட்டையைப் பிரித்தேன். வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றிய ஒரு பருத்திப் புடவை. அரக்கு உடல், மஞ்சள் கரை. கரையில் வரிசையாக ருத்திராட்சம். புதிது இல்லை. ஆனால் நைந்தும் போகவில்லை. மடிப்புக்குள் பாச்சா உருண்டை வைத்திருந்தது.

மூட்டையில் வேறு துணி இல்லை. அளவுக்கு நாற்காலி என்னிடம் இருக்கிறது. அப்படியானால் இதுதான் துணி என்று நினைத்தேன். என் மனைவிதான் கையைப் பிடித்தாள்.

"வெட்டறதுக்குக் குடுக்கறவங்க பாச்சா உருண்ட போட்டா மடிச்சித் தருவாங்க? போய் ஒரு வார்த்த கேட்டுக்கினு வா."

"கேக்கறதுக்கு இன்னா கீது இதுல?"

"இன்னாவோ கீது. கேட்டா உன் வாய்லர்ந்து முத்தா கொட்டிடும்?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மத்தியான நேரம். அந்தப் பெண் வாசலில் நின்று தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். கணவர் வேலைக்குப் போயிருக்கிற வீடு. தெருவில் வேறு யாரும் இல்லை. நான் மணி அடிக்காமல் அந்த வீட்டைத் தாண்டிப் போனேன். தெருக்கோடி வரை போய், திரும்பி, இன்னொரு தடவை தாண்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணே என்று கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

கடைக்கு வந்ததும் மனைவி கேட்டாள். கேட்டேன், வெட்டச் சொன்னாங்க என்று சொன்னேன்.

அந்தப் பொய்யைச் சொல்லக் கொஞ்சமும் யோசிக்கவில்லை. சொல்லி முடித்ததும் அது எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது. புடவையை மேஜைமேல் விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டேன். முந்தானையை நான்காகப் பிரித்து நான்கு முதுகுக்கும் ஒதுக்கினேன். கரை எங்கேயும் உடைந்து தெரியாமல், மூலைகளில் ருத்திராட்சமும் ருத்திராட்சமும் சேருகிற மாதிரி மடித்து வெட்டினேன். கத்திரி வெண்ணெய் மாதிரி போனது. என் ஆயுளில் நான் தைத்ததிலே அழகான வேலை அதுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை. நான்கு நாள் வேறு எதையும் தொடாமல் அதையே தைத்தேன். தைக்கும்போது சந்தோஷமாக இருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை அவள் கடைக்கு வந்தாள். கையில் ஒரு துணிச் சுருள். அரக்கு நிறம். காஞ்சிபுரத்தில் சொல்லிவைத்து, புடவையின் நிறத்துக்குச் சரியாக வாங்கி வந்திருந்தாள். சுருளுக்கு மேல் மஞ்சள் கரைத் துணி தனியாக இருந்தது.

அளவு நாற்காலி அரக்குப் புடவை கட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றது.

அவள் பக்கத்தில் போய் முதுகுப் பக்கத்து முந்தானையைத் தொட்டாள். திருப்பிப் பார்த்தாள். பழக்கம் விடாமல் தையலைப் பார்த்தாள்.

"பொடவ எங்கண்ணே?"

மேஜையில் மடித்து வைத்திருந்த மற்ற மூன்றையும் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"நாலுக்குமா?"

தலையாட்டினேன்.

அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கேட்கவே போகவில்லை என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

விஷயம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அது அவள் அம்மாவின் புடவை. வீட்டை விட்டு வந்த அன்று, கொடியில் கிடந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கல்யாணத்துக்கு நல்ல புடவை வேண்டும், அவளிடம் இல்லை. மூன்று வருஷமாக அதைத் திரும்பக் கட்டவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா கையில் அதைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள். நாற்காலிகளும் அதே நிறத்தில் இருந்தால் அம்மாவுக்குப் பார்த்ததும் புரியும் என்று நினைத்திருக்கிறாள். கரை எப்படி வரவேண்டும் என்று நான் பார்த்துக்கொள்வதற்காக அனுப்பினாள். துணி பின்னால் வரும் என்று சொல்லச் சொல்லிக் கணவரிடம் சொல்லியிருந்தாள். அவர் சங்குக்குப் பயந்து அதை விட்டுவிட்டார்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்மேல்தான் என்றாவது. அவளே எழுந்தாள்.

"நல்லா தைச்சிருக்கீங்க" என்றாள். செக்கர் வேலை பார்த்தவள் சொன்னது. கேலி இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அந்த உறைகளை ஒளித்துவைத்துவிட்டு, புதுத் துணியில் வேறு தைத்துத் தருகிறேன் என்று மனைவி மூலம் சொல்லி அனுப்பினேன். அவள் வேண்டாம் என்றாள். மூட்டை கட்டி ஒளிப்பதைவிட அம்மா கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும், அம்மா புடவை இந்த வீட்டில் மரியாதையாக இருக்கிறது என்று நினைத்தாலும் நினைக்கும் என்றாளாம்.

வெள்ளிக்கிழமை காலை அளவு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு, உறைகளைக் கட்டிவிட நான் போனேன். மூன்று சரியாக உட்கார்ந்தன. நான்காவது இறுக்கியது. கையால் செய்த பழைய நாற்காலிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. நான் ஒரு நாற்காலியை மட்டும் அளவாக வைத்து நான்குக்கும் வெட்டியிருந்தேன். பின்பக்கத் தையலைப் பிரித்து, நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் அம்மா பதினொரு மணி பஸ்ஸுக்குத்தான் வருவதாகப் பேச்சு. அவர் அதற்கு முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

மெலிந்த அம்மா. ஒரு கையில் துணிப்பை. உள்ளே வளையல் குலுங்கியது எனக்கே கேட்டது. கணவர் எழுந்து வாங்க என்றார். அந்தம்மா தலையசைத்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சந்தனச் சுவர், ஜன்னல் திரை, சொம்பில் வேப்பங்கொத்து. இயேசு படத்தின்மேல் கண் கொஞ்சம் நின்றது, பிறகு நகர்ந்தது. அதையும் ஒத்துக்கொண்டுதான் வந்திருந்தார் என்று தோன்றியது.

"வூட்ட நல்லாதான் வெச்சிக்கினு கீற" என்றார்.

அந்தப் பெண்ணின் முகத்தை அப்போது பார்த்தேன். மூன்று வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்த முகம்.

அம்மா உட்காரப் போனார். நாற்காலியின் முதுகைப் பிடித்தார். பிடித்த கை அங்கேயே நின்றது. கட்டை விரல் கரைமேல் போய் வந்தது. கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"இது என்னுது."

"ஆமாம்மா."

"நீ கட்டிக்கினு போனது."

"ஆமாம்மா."

"யாரு வெட்டனது?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம் இருக்கும். நான் எழுந்து நின்று, நான்தாம்மா என்று சொல்ல அந்த நேரம் போதும். என் வாயில் ஊசி இருந்தது. ஊசியை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் குனிந்துகொண்டேன்.

"நான்தாம்மா வெட்டச் சொன்னேன்" என்றாள் அவள்.

அம்மா சத்தம் போடவில்லை. அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "என்னிக்கின்னா ஒரு நாள் நீ இத்த எடுத்துக்கினு வருவேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கொடியில அந்த எடத்துல வேற துணி போட மாட்டேன், தெரியுமா? நீ அத்த வெட்டி குந்தற எடத்துல போட்டு கீற. என் பொடவ மேலயே என்ன குந்தச் சொல்ற."

அவர் தரையில் உட்கார்ந்தார். மகளும் எதிரில் கஷ்டப்பட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டார். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. ஒன்றும் உடையவில்லை. போட்டு முடித்து மகளின் இரண்டு கையையும் மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். எல்லோரும் அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தோம். பிறகு எழுந்து, பையை மடித்து இடுக்கிக்கொண்டு, "ஒடம்ப பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். வா என்று சொல்லவில்லை.

நான் நான்காவது உறையைத் தைத்து முடித்துவிட்டுத்தான் வந்தேன். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கப் போகாதது, பொய் சொன்னது, ஊசி. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "வாலாஜாபாத்துக்கு டிக்கட்டு எடுத்துக்கினு போய் அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வா" என்று மட்டும் சொன்னாள். "இன்னும் ரெண்டு மாசம் கீது. இப்பச் சொன்னாலும் வந்து கூட்டிக்கினு போவாங்க."

மாசி முதல் வாரத்தில் போனேன். பஸ்ஸில் முழுக்க ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அம்மா, புடவையை வெட்டினது நான், உங்க பொண்ணு இல்ல. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ரைஸ் மில் பக்கத்துத் தெரு என்று மனைவி கேட்டுவைத்திருந்தாள். வீடு சுலபமாகக் கிடைத்தது. முற்றத்தில் கொடி கட்டியிருந்தது. வேட்டி, துண்டு, பாவாடை என்று துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு ஆள் அகலத்துக்குக் காலி.

அந்தம்மா வெளியே வந்தார். நாற்காலிக்குப் பின்னால் குனிந்திருந்தவன் முகத்தை அவர் அன்றைக்குப் பார்த்திருக்கவில்லை.

"யாருப்பா?"

"டைலர்மா" என்றேன். அவர் காத்திருந்தார். "தையல் வேல ஏதாச்சும் இருக்கான்னு கேட்டுக்கினு வந்தேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தைக்கறதுக்கு எங்க வூட்ல ஒண்ணும் இல்லப்பா" என்றார். வெயிலில் வந்தவன் என்று உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

"சொன்னியா?" என்று மனைவி கேட்டாள்.

"தண்ணி குட்தாங்க" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பங்குனியில் அரசு ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் மாமியார் கூட இருந்தார், என் மனைவியும் போயிருந்தாள். வலி எடுத்தபோது அந்தப் பெண் அம்மா, அம்மா என்று கத்தியதாக வந்து சொன்னாள். "எல்லாரும் அம்மான்னுதான் கத்துவாங்க, அதுல ஒண்ணும் இல்ல" என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

பிரிவு அப்படியே நின்றுவிடவில்லை. குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது வாலாஜாபாத்திலிருந்து வந்தார்கள். இரண்டாவது பிரசவத்துக்கு அம்மாவே வந்து அழைத்துக்கொண்டு போனார். சரியாகிவிட்டதே என்று நான் என்னைச் சமாதானம் செய்துகொள்வதுண்டு. ஆனால் முதல் பிரசவம் ஒரு தடவைதான். அதை அவளுக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

அவள் என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதை நிறுத்தவில்லை. கொடுக்கும்போது சில சமயம், "உள்ள அளவு ஜாக்கெட்டு கீதுண்ணே, அத்த வெட்டிடாதீங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நானும் சிரிப்பேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

பிறகு கம்பெனிகள் நிறைய வந்தன. அவர்கள் இருங்காட்டுக்கோட்டை பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனார்கள். நான் போனது சில வருஷம் முன்பு, அந்த முதல் குழந்தையின் கல்யாணத்துக்கு ஜாக்கெட் துணி வாங்கி வர. சுவர் அதே சந்தன நிறம். அந்த நான்கு நாற்காலிகளும் கூடத்தில் இருந்தன. பிரம்பு புதிதாகப் பின்னி, மரத்துக்கு மெழுகு தேய்த்திருந்தார்கள். ஒன்றின்மேலும் துணி இல்லை.

உறை தைக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாண்ணே. அதுக்கப்புறம் எதுவும் போடல. மரமே போதும்" என்றாள். உட்காரச் சொன்னாள். எது அளவு நாற்காலி என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். தெரியவில்லை. ஏதோ ஒன்றில் உட்கார்ந்தேன். அம்மா அதற்கு முந்தின வருஷம் இறந்துவிட்டதாகச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அன்னிக்கி நான் சொல்லியிருக்கணும்மா."

எதை என்று அவள் கேட்கவில்லை. "அம்மாவுக்கு கடைசி வரைக்கும் தெரியாதுண்ணே. மொதல்ல நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறம் சொல்லலன்னு ஆயிடுச்சி. நான் போய் சொன்னா உங்கள மாட்டிவிட்ட மாதிரி ஆயிடும்னு வுட்டுட்டேன்."

நான் வாலாஜாபாத் போய் வந்ததை அவளிடம் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது?

கிளம்பும்போது மகளின் பழைய ஜாக்கெட் ஒன்றையும் புதுப் பட்டுத் துணியையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்து, "இத வச்சி தைச்சிடுங்கண்ணே" என்றாள். இதில் எது துணி, எது அளவு என்று கேட்டேன். குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் சிரிக்காமல் பையிலிருந்து இரண்டையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.